வலையின் மேல் போகும் சாலை

எங்கள் ஊர்ச் சாலைக்கு அடியில் வலை கிடக்கிறது. கிழிந்த வலை, இனிக் கடலுக்கு ஆகாது என்று கழித்துப் போட்ட வலை, கடற்கரையில் குவிந்து நாய் படுத்துக் கிடந்த வலை. அதோடு அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்து எங்கள் ஊர்ச் சேற்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு மேலே கிடக்கும் தார் மட்டும்தான் தெரியும். நான் தினமும் மீன் சட்டியோடு அதன் மேல் நடந்து போகிறேன். நடக்கக் கூடாது என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எழுதுவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் கோயில் கோபுரத்துச் சிலுவை கண்ணுக்குத் தெரியும். கிட்டத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து நடந்தால் அது போய்க்கொண்டே இருக்கும். இடையில் இருப்பதெல்லாம் உப்பளம். உப்பளத்துக்கு நடுவே போகிற பாதைதான் எங்களுக்குச் சாலை. அடியில் கறுத்த சேறு. வெயில் காலத்தில் அது வெடித்துக் கிடக்கும், மழை விழுந்தால் களியாகக் குழைந்துவிடும். வருஷா வருஷம் சரள் மண் கொண்டுவந்து தட்டுவார்கள். கார்த்திகை முடியும்போது அந்தச் சரளைச் சேறு விழுங்கியிருக்கும். எத்தனை லாரி மண் அதற்குள் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஐஸ் வண்டி பாதி வழியில் புதைந்து நிற்கும். ஆட்டோக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஆண்களுக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. அவர்கள் போவது கடலுக்கு. கடலில் சேறு இல்லை. வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை வாங்கிச் சட்டியில் அள்ளி, அந்தச் சேற்றில் கால் வைத்து, பஸ்ஸைப் பிடித்து, தூத்துக்குடி மார்க்கெட்டில் கொண்டுபோய் உட்காருகிறவர்கள் நாங்கள். காலை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வருவதற்குள் சாளை கண் சிவந்துவிடும். கண் சிவந்த மீனை எந்த வீட்டுக்காரி வாங்குவாள்? நான் கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சேற்றைப் பிளந்துதான் நடந்திருக்கிறேன். என் காலைப் பார்த்தால் தெரியும்.

சாலை போட வந்த எஞ்சினியர் ஒரு பெண்பிள்ளை. சாயர்புரத்துப் பக்கம். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் ஆம்பிளைச் செருப்பு. வந்த அன்றைக்கே சேற்றுக்குள் முட்டு வரை இறங்கி, ஒரு குழாயை இறக்கி மண் எடுத்தாள். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டி, கொஞ்சம் கை குடுங்க" என்றாள், ஏற முடியாமல்.

"பாட்டின்னா கை கிடைக்காது. அக்கான்னு சொல்லு, தூக்கி விடுதேன்" என்றேன்.

அவள் அக்கா என்றாள். தூக்கிவிட்டேன். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு பேச்சு வார்த்தை உண்டு.

மேலே மண்ணைக் கொட்டிப் பிரயோஜனம் இல்லை, அடியில் இருக்கிற சேற்றையே கெட்டிப்படுத்த வேண்டும் என்று அவள் கோயில் முற்றத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டிச் சொன்னாள். அனல்மின் நிலையத்தில் கரி எரித்த சாம்பல் மலையாகக் கிடக்கிறது, அதையும் சுண்ணாம்பையும் இந்தச் சேற்றோடு கலந்தால் இறுகிப் பிடிக்கும் என்றாள். அதோடு கரையில் கிடக்கும் பழைய நைலான் வலைகளை விரித்து, அதன் மேல் இந்த மண்ணைப் பரத்தி உருளை ஓட்டினால், வண்டி போகும்போது மண் பக்கவாட்டில் பிதுங்காது என்றாள்.

ஊரில் ஒரே கூச்சல். என் கொழுந்தன்தான் முதலில் எழுந்தான். என் புருஷனுக்கு இளையவன், சொந்த வள்ளம் வைத்திருக்கிறவன், ஊர்க் கமிட்டியில் இருக்கிறவன். "ஊரான் சாம்பலக் கொண்டாந்து கொட்டுததுக்கு எங்க ஊருதான் கிடைச்சுதா? நாங்க என்ன குப்பத்தொட்டியா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். யாரும் நல்லதைக் கொண்டுவந்து எங்கள் கரையில் கொட்டியது கிடையாது. ஆனால் அந்தப் பெண் கோபப்படவில்லை. எங்கள் சேற்றை இரண்டு உருண்டையாகப் பிடித்தாள். ஒன்று வெறும் சேறு. இன்னொன்று சாம்பலும் சுண்ணாம்பும் கலந்தது. இரண்டையும் காயவைத்து, ஒரு வாரம் கழித்துக் கோயில் வாசலில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டாள். பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது ஒன்று கரைந்து கஞ்சியாகியிருந்தது. மற்றது போட்டபடியே கிடந்தது. சாம்பலில் இருக்கும் கெட்டது எதுவும் உப்பளத்துக்குள் இறங்குகிறதா என்று பார்க்க, அந்த வாளித் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொண்டுபோனாள். என் கொழுந்தன் அந்த உருண்டையை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டான். அது இரண்டாக உடைந்தது, கரையவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டான். தண்ணீரில் குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகு கமிட்டியும் சரி என்றது.

வலை சேர்த்தோம். வீட்டுக்கு வீடு கொல்லையில் கிடந்ததை நாங்கள் பெண்கள்தான் இழுத்து வந்தோம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வலை இனி ஆகாது என்றானதும் அதன் மேல்கயிற்றை உருவிவிடுவார்கள். மிதப்பையும் ஈயக்குண்டையும் எடுத்துப் புது வலைக்குக் கட்டிக்கொள்வார்கள். கயிறு உருவின வலை செத்த வலை. அதைக் கோழிக்கூட்டுக்குக் கட்டலாம், கருவாட்டின் மேல் மூடலாம், யாரும் தாண்டலாம். கயிறு உருவாத வலையைப் பெண்கள் தாண்டக் கூடாது. தாண்டினால் அதில் மீன் ஏறாது என்பார்கள். கரையில் வலை காய்ந்தால் நாங்கள் சுற்றித்தான் போவோம். சிறு வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. ஏன் என்று கேட்டதில்லை.

என் வீட்டு வலையும் போனது. என் புருஷன் நெஞ்சுச் சளியில் படுத்து, எழுந்திருக்காமல் போன பிறகு அது சும்மா கிடந்தது. வள்ளத்தை விற்றோம். வலையை நான் கொடுக்கவில்லை. சாலைக்கு என்றதும் கொடுத்தேன். மிதப்பையும் ஈயத்தையும் அறுத்தேன். கயிற்றை உருவவில்லை. அந்தக் கயிற்றில் உள்ள ஒவ்வொரு முடிச்சும் அவர் போட்டது. உருவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"கயிறு இருக்கலாமா?" என்று எஞ்சினியரிடம் கேட்டேன்.

"தாராளமா இருக்கட்டும்க்கா. ஓரம் இன்னும் நல்லா நிக்கும். மதகுப் பக்கம்தான் சேறு ஜாஸ்தி, அங்க போட்டுருவோம்" என்றாள். மதகு என்பது உப்பளத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் இடம். அதை ஒட்டித்தான் வண்டிகள் எப்போதும் புதையும்.

சாலை முடிந்தது. முதல் நாள் ஆட்டோ கடற்கரை வரை வந்து நின்றபோது பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடினார்கள். நாங்கள் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, காலைப் பார்க்காமல், எதிரே பார்த்து நடந்தோம். ஒரு வாரம் அந்த சுகம்.

பிறகு கச்சான் அடித்தது. ஆடிக் காற்று. கடலைக் கலக்கி, மீனை எங்கோ கொண்டுபோய்விட்டது. வள்ளங்கள் விலை போகாத காரல் பொடிமீனோடு வந்தன. ஒவ்வொரு ஆடியிலும் நடப்பதுதான். ஆனால் இந்த ஆடியில் எங்கள் ஆண்களுக்கு ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டது. ரோட்டுக்கு அடியில் வலை கிடக்கிறது, பொம்பிளைகள் தினமும் அதைத் தாண்டுகிறார்கள், பின்னே எப்படி மீன் ஏறும்?

யார் முதலில் சொன்னது என்று தெரியாது. கமிட்டியில் அதைப் பேசினவன் என் கொழுந்தன். அன்றைக்கே தீர்மானம் ஆகிவிட்டது. சாலையில் வண்டி போகலாம், ஆண்கள் போகலாம். பெண்கள் உப்பளத்து வரப்பு வழியாகப் போக வேண்டும். முதலில் வீட்டுக்குத் தூரமான நாட்களில் மட்டும் என்றார்களாம். அதை யார் போய்க் கேட்டுக்கொண்டு நிற்பது என்று, எல்லா நாளும் எல்லாப் பெண்களும் என்று முடித்துவிட்டார்கள்.

ஊர்த் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். வயதான மனுஷன், மரியாதையாகப் பேசுவார். "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. உன்ன மாதிரி வயசானவிய ரோட்டு மேலயே போவலாம்னு சொல்லியிருக்கு. எல்லாம் நின்னு போனவியளுக்கு என்ன தோஷம்?" என்றார்.

"பெரிய மனசுதான்" என்றேன். "என் கூட வாரவளுவ வரப்புல வரும்போது நான் மட்டும் ரோட்டுல கையை வீசிட்டுப் போவணுமாக்கும்."

"அது உன் இஷ்டம்."

"என் இஷ்டம் வரப்புதான்."

மறுநாள் நானும் வரப்பில் ஏறினேன். அந்த வரப்பு ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். வரப்பு மேலே உப்புப் பொரிந்து கண்ணாடிச் சில்லாகக் குத்தும். எங்களுக்குப் பக்கத்திலேயே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அந்தச் சாலை கறுப்பாக, காலியாகக் கிடந்தது. இரண்டு நாய்கள் அதில் நடந்து போயின. அதில் ஒன்று பெட்டை. அதை நான் சத்தமாகவே சொன்னேன். முன்னால் போனவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. என் பக்கத்து வீட்டுப் பெண், கைக்குழந்தைக்காரி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தாமதமாக ஓடிவந்தவள், வரப்பில் வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தாள். சட்டி கவிழ்ந்து மீன் எல்லாம் உப்புக்குள் போயிற்று. முழங்கால் தோல் உரிந்து, அதில் உப்புத் தண்ணீர் பட்டு, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "பஸ்ஸு போயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். போயிருந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். கமிட்டி வேறு வழியில்லாமல் கூடியது. ஊர்த் தலைவர் நல்லதாகவே முடிக்கப் பார்த்தார்.

"ஏலே, யோசிச்சுப் பாருங்க. அங்கன கிடக்கது எல்லாம் கயிறு உருவின வலைதான? செத்த வலை. செத்த வலையத் தாண்டுததுக்கு என்ன? நம்ம வீட்டுக் கோழிக்கூட்டத் தாண்டலியா?" என்றார்.

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் மனதில் இருந்த கல் இறங்கியது போலத் தெரிந்தது. ஒவ்வொருவராக, "நான் உருவிட்டேன்", "எங்க வீட்டுதும் உருவினதுதான்" என்றார்கள். என் கொழுந்தன்கூடத் தலையை ஆட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "மதினி, அண்ணன் வலையும் உருவினதுதான?" என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரி என் கையை அமுக்கினாள். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் செத்த வலை என்பதற்காக எங்களை விடுகிறார்களாம். நாளைக்கு யாராவது ஒருவன் உருவாத வலை ஒன்று கிடக்கிறது என்று கிளப்பினால் மறுபடியும் வரப்பு. பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து பயந்து நடக்கவா அந்தச் சாலையைப் போட்டோம்?

"இல்ல. நான் உருவல" என்றேன்.

"என்ன மதினி சொல்லுதிய?"

"கயிறோட குடுத்தேன். மதகுப் பக்கம் கிடக்கு. உங்க அண்ணன் முடிஞ்ச கயிறு. அது மேலதான் நடந்தேன், இனியும் நடப்பேன்."

ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வரும் வழியில், "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்லா பெரியம்மா. இப்ப என் முட்டிக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்து போய்விட்டாள். அது எனக்குச் சுட்டது.

சாயங்காலத்துக்குள் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. மதகுப் பக்கம் தோண்டி அந்த ஒரு வலையை மட்டும் எடுத்துவிடுவது. எஞ்சினியருக்கு யாரோ போன் போட்டுக் கேட்டார்களாம். அந்த இடத்தைத் திறந்தால் மழைக்கு அடியில் தண்ணீர் இறங்கும், பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும், திறக்காதீர்கள் என்று சொன்னாளாம். மேலே சிமெண்டு பூசிக்கொள்கிறோம் என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள்.

காலையில் நான் சட்டியை எடுத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், சாலை வழியாகவே மதகுக்குப் போனேன். வலை எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். போடும்போது பக்கத்தில் நின்றேனே. அந்த இடத்தில் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். தார் அப்போதே சூடாக இருந்தது.

கொழுந்தன் கடப்பாரையோடு வந்தான். கூட நாலு பேர்.

"எந்திரிங்க மதினி."

"என்னத்துக்கு?"

"தோண்டணும்."

"தோண்டு. என்னையும் சேத்துத் தோண்டு."

"அண்ணன் இருந்தா இப்படிப் பேசுவியளா?"

"அவரு இருந்தா நீ கடப்பாரையத் தூக்கிட்டு வந்திருப்பியாலே?"

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். என் கொழுந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஊர் வயிறு காய்கிறது, அது உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்டான். அவன் பொய்யாகக் கேட்கவில்லை. ஒரு வாரமாக வெறும் வலையை இழுத்த கை அது. எனக்கும் தெரியும்.

"உன் வலை கிழிஞ்சா எங்க கொண்டு வந்து போடுவ?" என்று கேட்டேன். "அண்ணன் போனா என்ன, மதினி கை நல்ல கை, பொத்திக் குடுப்பாவன்னு என் வீட்டுல கொண்டு வந்து போடுவ. கயிறு உருவின வலையா அது? உயிருள்ள வலை. அத மடியில போட்டுத்தான் பொத்துதேன். உங்க அண்ணன் வலையை நான் பிள்ளத்தாச்சியா இருக்கும்போது பொத்தியிருக்கேன், தூரமா இருக்கும்போதும் பொத்தியிருக்கேன். என்னைக்காவது நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு என்ன நாளுன்னு கேட்டியளா? மடியில கிடந்தா மீன் ஏறுது. காலுக்கு அடியில, சாம்பலுக்கு அடியில, தாருக்கு அடியில கிடந்தா ஏறாதோ?"

அவன் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கி ஊன்றிக்கொண்டு நின்றான். நான் சட்டி மேலிருந்து எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. ஊர்ப் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். வரப்பில் இல்லை, சாலையில். முன்னால் நொண்டிக்கொண்டு வந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. இடுப்பில் பிள்ளை. வந்து என் பக்கத்தில் நின்று, "தள்ளி உக்காருங்க பெரியம்மா. நீங்க மட்டும் உக்காந்தா எங்களுக்கு இடம் வேண்டாமா?" என்றாள். நான் தள்ளிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் தாங்களாகவே உட்கார்ந்தார்கள். மதகை ஒட்டி அன்றைக்குச் சாலையே தெரியவில்லை.

பிள்ளை கொழுந்தனைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் அதற்குத் தாத்தா முறை. ஒரு கையில் கடப்பாரை இருந்ததால் மற்றக் கையை நீட்டினான். பிறகு கையை இழுத்துக்கொண்டு, "வெயில்ல பிள்ளைய வச்சுட்டு இருக்காளுவ" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். நாலு பேரும் பின்னால் போனார்கள்.

அதோடு முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் வள்ளங்கள் கடலுக்குப் போனபோது எனக்குத்தான் பயம். மீன் வராவிட்டால் என் பெயர்தான் அடிபடும். யார் கேட்டாலும் சொல்வதற்கு எனக்குப் பதில் இருந்தது. ஆனாலும் கரையில் நின்று, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொழுந்தன் வள்ளம் கடைசியாக வந்தது. ஒரு கூடைச் சூடை மீன். அவ்வளவுதான். கரையில் நின்ற ஆண்கள் அவன் வாயைப் பார்த்தார்கள். என்ன சொல்லப் போகிறான் என்று நானும் பார்த்தேன். அவன் வள்ளத்திலிருந்து குதித்து, கூடையை மணலில் வைத்தான்.

"கச்சான் இந்த அடி அடிக்கி. மீன் எங்கன வரும்" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

பிறகு கூடையை என் பக்கம் காலால் தள்ளினான். "எடுங்க மதினி. பஸ்ஸு போயிரும்."

"ரோட்டு வழியாத்தான் போவேன்" என்றேன்.

"நான் கேட்டனா?" என்றான்.

நான் சூடையைச் சட்டியில் அள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரி தூக்கிவிட்டாள். பெண்களும் நானும் சாலையில் ஏறி நடந்தோம், பஸ்ஸையும் பிடித்தோம்.

மார்கழி மழை வந்து போய்விட்டது. சாலை இறங்கவில்லை, மதகுப் பக்கமும் இறங்கவில்லை. பெண்கள் வரப்பில் போக வேண்டும் என்ற தீர்மானத்தைக் கமிட்டி இன்னும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்யுங்கள் என்று நாங்களும் போய்க் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டோம்.